மலையேறும் அப்பாவுக்குப் பரிசு: கடைக்குப் போகும் முன் அவர் பையைத் திறந்து பாருங்கள்

வாசகி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: "அப்பா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். முப்பது வருடமாக லீவு கிடைத்தால் மலைதான். வேண்டிய சாமான் எல்லாம் அவரிடமே இருக்கிறது. நானும் தம்பியும் சேர்ந்து அவர் மனதில் நிற்கிற மாதிரி ஏதாவது கொடுக்க ஆசைப்படுகிறோம். நல்ல ட்ரெக்கிங் ஷூ வாங்கலாமா, இல்லை இணையத்தில் பார்த்த 'அட்வென்சர் கிஃப்ட் பாக்ஸ்' வாங்கலாமா? அதில் 32 பொருட்கள் இருக்கின்றன, அப்பா பெயரையும் பொறித்துத் தருகிறார்களாம்."

முதலில் அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கள், ஆர்டர் போட்டிருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று நான் சொல்கிறேன்: ஒரு கம்பி ரம்பம், தீப்பொறி தட்டும் குச்சி, ஒரு விசில், கயிற்றில் பின்னிய கைவளை, அந்தக் கைவளையின் கொக்கியில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு காம்பஸ். அந்தக் காம்பஸை உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், முள்ளும் கூடவே கொஞ்ச தூரம் சுற்றி வரும், அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும், விரலால் தட்டினால்தான் விடும். பனிமூட்டத்தில் வழி தவறிய ஒருவர் இதை நம்பி ஒரு அடி எடுத்து வைக்க முடியுமா? பெயர் பொறித்துத் தருவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, பெயர் பொறித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்த ஆட்கள் எதையும் தயாரிப்பதில்லை, மொத்த விலைக்கு வாங்கி அழகான பெட்டியில் அடுக்குவதுதான் தொழில். 'மலையேறுபவருக்கு 25 சிறந்த பரிசுகள்' என்று வருகிற பட்டியல்களில் பலவும் இதே ரகம்தான், நீங்கள் அந்த லிங்க்கைத் தட்டி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன், அவ்வளவுதான்.

சரி, ஷூ. வேண்டாம். அளவு தெரியும் என்பீர்கள், அளவு மட்டும் போதாது. நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும், இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் முட்டும், ஒரே நம்பரில் ஒவ்வொரு கம்பெனியும் ஷூ செய்யும் கால் அச்சு ஒவ்வொரு மாதிரி இருக்கும். இதையெல்லாம் அவரே போட்டு நடந்து பார்த்துத்தான் தேற வேண்டும். பேக்பேக்கும் அப்படித்தான், அது பொருந்துவது ஆளின் உயரத்தை வைத்து அல்ல, முதுகின் நீளத்தை வைத்து. இன்னொன்று, பழைய ஸ்டாக்கைப் 'பாதி விலை' என்று தள்ளிவிடுகிறார்களே, அந்த ஷூக்களிடம் ஜாக்கிரதை. பல ட்ரெக்கிங் ஷூக்களின் நடு அட்டை, அதாவது பாதத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் மெத்தை, பாலியூரித்தேன் என்கிற நுரை பிளாஸ்டிக். காற்றில் இருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும், ஒரு நாள்கூடப் போடாமல் அலமாரியிலேயே இருந்தாலும். பல வருடம் கிடங்கில் கிடந்த ஜோடி பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், மலையில் பாதி வழியில் அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும். தயாரித்த தேதியைப் பெட்டியில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி அச்சடித்தால் இந்தப் பிரச்சினையே வராது, பிஸ்கட் பாக்கெட்டில் போடுகிறார்கள், உயிரைச் சுமக்கிற ஷூவில் அப்படிப் போட எல்லோருக்கும் மனம் வருவதில்லை.

அப்புறம் என்னதான் கொடுப்பது? முப்பது வருடம் ஏறியவர் தன் சாமானைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார். அதை மாற்ற நினைக்காதீர்கள், அவர் வைத்திருப்பதைச் சரிசெய்து கொடுங்கள்.

அவருடைய மழை ஜாக்கெட்டை எடுத்து, தோள்பட்டையில், பையின் பட்டை உரசும் இடத்தில், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் நல்லது. துணி கருத்து ஊறினால் மேலே இருக்கும் நீர் விலக்கும் பூச்சு தேய்ந்துவிட்டது அல்லது அழுக்கும் எண்ணெய்ப் பசையும் அதை மூடிவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் நீர் புகாத படலம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஆனால் மேல்துணி ஊறிவிட்டால் வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நனைக்கும், ஜாக்கெட் ஒழுகுகிறது என்று ஆள் நினைத்துக்கொள்வார். இந்த இடத்தில்தான் விற்பனையாள் வந்து "சார், இது போச்சு, புதுசு எடுங்க" என்பான். நம்பாதீர்கள். இதற்கென்றே வரும் திரவத்தில் துவைத்து, நீர் விலக்கும் பூச்சை மறுபடி ஏற்றி, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் போட்டு எடுத்தால் பழையபடி வேலை செய்யும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் மட்டும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. உள்பக்கம் படலம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்திருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

அதோடு மெரினோ கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, அவர் ஏற்கெனவே போடும் அதே கம்பெனி, அதே கனம். சாக்ஸ் தேயும், ஆனால் பழசிலேயே இன்னொரு தடவை போய் வந்துவிடலாம் என்று தள்ளிப்போடுவார்கள். பருத்தி சாக்ஸ் வாங்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் கொண்டுவரும்.

தலையில் மாட்டும் டார்ச் வாங்கத் தோன்றினால் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்களில் மயங்காதீர்கள். 18650 என்கிற உருளை பேட்டரியில் '9900 எம்ஏஎச்' என்று அச்சடித்து விற்கிறார்கள், பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதற்கான அளவு அது, அந்த அளவு பேட்டரிக்கு 3500, 3600-க்கு மேல் வருவது அபூர்வம். எண்ணில் பொய் சொல்பவன் பாதுகாப்பிலும் பொய்தான் சொல்வான். நேராகத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குங்கள், வேறு எங்காவது வாங்கினால் வாரண்டி செல்லாது என்று கைவிரித்துவிடக்கூடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், புதுக் கருவி ஒன்றே ஒன்றுக்கு நான் சரி சொல்வேன்: தனியாகப் போகிறவருக்கு, போன் சிக்னல் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் இரண்டு வகை. ஒன்று அவசர பீக்கன், 406 மெகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு அபாய சிக்னல் அனுப்பும், 1982 முதல் உயிர்களைக் காப்பாற்றி வரும் காஸ்பாஸ்-சார்சாட் என்கிற சர்வதேச அமைப்பு அதைப் பிடித்து மீட்புக் குழுவுக்குச் சொல்லும், மாதக் கட்டணம் கிடையாது. இன்னொன்று செய்தி அனுப்பி, பதிலும் வாங்கும், ஆனால் சந்தா கட்டவில்லை என்றால் வெறும் டப்பா. ஆகவே இரண்டாவதைக் கொடுத்தால் ஒரு வருடச் சந்தாவையும் சேர்த்துக் கொடுங்கள். முதலாவதைக் கொடுத்தால் அப்பா பெயரில், அவர் நாட்டில், வீட்டாரின் போன் எண்ணோடு பதிவு செய்யுங்கள், வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தால் அது வேறு நாட்டுக் குறியீட்டில் இருக்கும். அதைவிட முக்கியம், எல்லா நாட்டிலும் இதை வைத்திருக்க முடியாது. இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருந்து விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. மலையில் கால் உடைந்து கிடப்பவன் உதவி கேட்கும் கருவிக்கு நாட்டுக்கு நாடு இப்படி ஒரு படிவமும் தடையும், விற்பவரும் வாய் திறப்பதில்லை, காரணம் கேட்டால் பாதுகாப்பு என்ற ஒரே பதில். எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது. ஆனாலும் சட்டம் சட்டம்தான், அப்பா எந்த நாட்டு மலைக்குப் போகிறார் என்று கேட்டு, அங்கே அனுமதி உண்டா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மனதில் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அவர் அடிக்கடி போகும் மலையின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, அவர் நடந்த பாதைகளை மையால் வரைந்து, எந்த வருடம் என்று பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 1:50,000 அளவு நல்லது, 1 செ.மீ. என்றால் அரை கிலோமீட்டர், ஓடைகூடத் தெரியும். பழைய பாதைகள் அவர் போனிலோ டைரியிலோ, கூடப் போகும் நண்பர்களிடமோ கிடைக்கும். ஃபிரேம் போடும்போது கண்ணாடி வேண்டாம் என்று சொல்லுங்கள், அடுத்த பாதையை அவரே வரையட்டும்.

ஒரு மாதம் இருக்கிறது, ஜாக்கெட் வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அதை எடுக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அந்த இரண்டு வாரத்துக்குள் அப்பா மழையில் எங்காவது கிளம்பும் திட்டம் இருக்கக்கூடாது.