உயரம் 173 செ.மீ., கால் உள் அளவு (கவட்டிலிருந்து தரை வரை) 78 செ.மீ. முன்னும் பின்னும் ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் வாங்கப் போகிறேன். மீடியமா, லார்ஜா?

உங்கள் உயரம் கம்பெனியின் சைஸ் அட்டவணையில் இரண்டு சைஸிலும் வருகிறது, கால் உள் அளவு 78 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே அளவுதான். லார்ஜ் வாங்கி இரண்டு வருஷம் கஷ்டப்பட்டவன் சொல்கிறேன், மீடியம் எடுங்கள்.

நான் இருப்பது மூணாறு பக்கம் சூரியநெல்லி. கடையில், "லார்ஜ்தான் கையில் இருக்கு, உங்க உயரத்துக்கு அதுவும் ஓடும்" என்றார்கள். ஏறி உட்கார்ந்து பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது. ஆனால் மலை இறக்கத்தில் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. பெடலில் நின்றுகொண்டுதான் இறங்குகிறோம். அப்போது ஃபிரேமில் முக்கியமான அளவு ரீச், அதாவது பெடல் அச்சிலிருந்து (பெடல் கைகள் சுற்றும் நடு அச்சு) ஹேண்டில் குழாய் வரை முன்னோக்கி இருக்கும் தூரம். என் லார்ஜில் அது 480 மி.மீ. எஸ்டேட் கல் ரோட்டின் வளைவுகளில் கை முழுசாக நீண்டுவிடும், நெஞ்சு முன்னால் வராது, முன் டயரில் பாரமே இருக்காது. ஒருநாள் முன் சக்கரம் வழுக்கி, கவாத்து வெட்டிய தேயிலைச் செடி மேல் விழுந்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துவிட்டது.

அப்புறம் போடியிலிருந்து ஒரு நண்பர் தன் மீடியத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரீச் 455. அதே வளைவில், பார்த்த பக்கம் சைக்கிள் திரும்பியது.

ரீச்சை நீங்களே அளக்கலாம். சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டி, ஹேண்டில் செருகும் குழாயின் மேல் விளிம்பு நடுவிலிருந்து தொங்கவிட்டுத் தரையில் ஒரு புள்ளி வையுங்கள். பெடல் அச்சின் நடுவிலிருந்து இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் ரீச்.

அடுத்தது சீட் குழாய், அதாவது ஃபிரேமில் சீட் தண்டு செருகும் குழாய். கால் 78 என்றால் பெடல் அச்சிலிருந்து சீட் மேல்பரப்பு வரை சுமார் 69 செ.மீ. வேண்டும். என்னிடம் இருப்பது 170 மி.மீ. டிராப்பர் போஸ்ட், ஓட்டும்போதே சீட்டை அந்த அளவு தாழ்த்தி உயர்த்தும் தண்டு. அதைக் குழாய்க்குள் கடைசி வரை செருகினாலும், சீட் முழுசாக எழுந்த நிலையில் சீட்டோடு சேர்த்து குழாய்க்கு மேல் 27 செ.மீ. நிற்கும். லார்ஜின் குழாய் 45. கூட்டினால் 72, காலுக்கு எட்டாது. மீடியத்தில் 41, மொத்தம் 68, சரியாக உட்காரும். இந்தக் கூட்டலைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

லார்ஜை வாங்கிவிட்டு, ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கிக்கொள்ளலாம் என்பார்கள். நானும் 50 மி.மீ. ஸ்டெம்மை 35 ஆக்கினேன். கை 15 மி.மீ. கிட்டே வந்தது, ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் உள்ள தூரம் மாறவில்லை, கொண்டை ஊசி வளைவில் அதே இழுபறிதான்.

ஓட்டிப் பார்க்கும்போது பின் ஷாக்கில் உங்கள் எடைக்குக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். ஷாக் 50 மி.மீ. அமுங்கும் வகை என்றால், பையோடு ஏறி உட்கார்ந்ததும் ஷாக் தண்டில் உள்ள ரப்பர் வளையம் 13 முதல் 15 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். காற்று குறைவென்றால் பின்பக்கம் தாழ்ந்து, ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும். சரியான சைஸ்கூட தப்பாகத் தெரியும்.

உயரத்துக்கு மீறிய கை நீளம் உள்ளவர், அகலமான ரோட்டில் வேகமாகப் போகிறவர் என்றால் லார்ஜ் பொருந்தலாம். நம் பக்கத்து மலைக்கு வேண்டாம்.

போடிமெட்டுப் பக்கம் வந்தால் இப்போது நான் ஓட்டும் மீடியத்தை ஓட்டிப் பாருங்கள். சீட் உயரம் 69-லேயே இருக்கிறது, ஷாக் பம்ப்பும் வைத்திருக்கிறேன்.