பாதி முகம் மறைந்தால் அது கண் கோளாறு அல்ல

எனக்கு 53 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதமாகத் தெரிந்தவர்களின் பெயர் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. எதிர்பாராத இடத்தில் பார்த்தால் முகம்கூடப் பிடிபடுவதில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் மூளையில் ஒரே ஒரு நியூரான்தான் (நரம்பு செல்) உண்டு, அது செத்தால் அந்த முகமும் போய்விடும் என்று குரங்கு ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததாக இணையத்தில் படித்தேன். பிடித்த எதிலும் பழைய ஆர்வம் இல்லை. ஓயாமல் போன் பார்த்ததில் மூளை ரசாயனமான டோபமைனும் தீர்ந்துவிட்டதோ என்று பயந்து, டோபமைன் கூட்டும் மூலிகை கேப்சூலை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். என் நியூரான்கள் அழிகின்றனவா? இது மறதி நோயின் தொடக்கமா? (போன வாரம் இடது கண் திடீரென்று மங்கி, எதிரே உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்தில் பாதி தெரியவில்லை. கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. பரிசோதித்ததில் கண்ணில் குறை எதுவும் இல்லை.)

அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்டீர்களே, அதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி. கடிதம் கிடைத்ததும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டேன். இதே மாதிரி ஒன்று நடந்து, தானாகச் சரியாகிவிட்டது என்று பேசாமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவும்தான் இங்கே எழுதுகிறேன்.

இடது கண் மங்கியது என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இடது கண்ணில் மட்டும் கோளாறு என்றால் வலது கண் ஒன்றே போதும், முகம் முழுதாகத் தெரிந்திருக்கும். பாதி முகம் காணவில்லை என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மறைந்திருக்கிறது என்றுதான் பொருள். அது மூளையில் நடந்தது. இரண்டு கண்களிலிருந்தும் இடது பக்கக் காட்சி முழுவதும் மூளையின் வலது பின்பகுதிக்குப் போகிறது, வலது பக்கக் காட்சி இடது பின்பகுதிக்குப் போகிறது. அங்கே இருக்கும் ஒவ்வொரு நியூரானும் காட்சியில் ஒரு சிறிய இடத்தை மட்டும் கவனிக்கிறது. அந்த இடத்தில் தெரியும் விளிம்பு படுத்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தூண்டப்படுகிறது. முதலில் பூனைகளிலும் பிறகு குரங்குகளிலும் ஒவ்வொரு செல்லாகப் பதிவு செய்து இதைக் காட்டிய டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூளையின் அந்தப் பின்பகுதியில் ஒரு பக்கத்துக்கு ரத்தம் நின்றால் கண் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் பாதி உலகம் தெரியாது. கண்ணில் குறை இல்லை என்ற ரிப்போர்ட் உங்களுக்கு நிம்மதி தந்திருக்கிறது. எனக்கு அது சந்தேகத்தைக் கூட்டுகிறது.

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி பார்வைப் பகுதியோடு நிற்பதில்லை. முகங்களை அடையாளம் காணும் பகுதி, மூளையின் பக்கவாட்டில் இருக்கும் பொட்டு மடலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் அதற்குப் பக்கத்தில். இரண்டுக்கும் பெருமளவு ரத்தம் இதே தமனியிலிருந்துதான் வருகிறது. நீங்கள் ஒரு நியூரானுக்காகப் பயப்படுகிறீர்கள். கோடிக்கணக்கான நியூரான்களுக்கு ரத்தம் தரும் குழாய் ஒன்று கால் மணி நேரம் அடைத்திருந்திருக்கலாம் என்பதுதான் என் கவலை. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது நடக்கக்கூடியது. ரத்தக் கட்டி ஒன்று வந்து அடைத்து, பிறகு கரைந்து நகர்ந்துவிட்டால் பார்வை திரும்பிவிடும். மினி ஸ்ட்ரோக் என்று சொல்வது இதைத்தான். அதைத் தொடர்ந்து முழு பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம், அடுத்த சில வாரங்களுக்கும் அது தீர்ந்துவிடுவதில்லை. எனவே ஒரு வாரம் கழிந்துவிட்டது என்பது சும்மா இருப்பதற்குக் காரணமாகாது.

ஒற்றைத் தலைவலியாகவும் இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் பெரும்பாலும் மின்னும் வளைகோடுகள், பல்லுப் பல்லாக ஒளிக்கோடுகள் தோன்றி, சில நிமிடங்களில் மெல்லப் பரவும். பெரும்பாலானோருக்குப் பின்னாலேயே தலைவலி வரும். உங்களுக்குத் திடீரென்று வந்திருக்கிறது, வெறுமையாக மறைந்திருக்கிறது, தலைவலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. 50 வயதுக்கு மேல் முதல்முறையாக இப்படி வந்தால் அது ஒற்றைத் தலைவலிதான் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக் குழாய்களின் ஸ்கேன், இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்க்க ஈ.சி.ஜி., சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்தாக வேண்டும்.

மறுபடி வந்தால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் இன்னொன்றை. சில விநாடிதான், அதற்கு மேல் வேண்டாம். எந்தக் கண்ணால் பார்த்தாலும் அதே பக்கம் மறைந்திருந்தால் மூளை. ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்குவது போலிருந்தாலும் அவசரம்தான், அது கழுத்துத் தமனியிலிருந்து வரலாம். இரண்டில் எதுவானாலும் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். ஸ்கேன் எடுக்கும் முன்பு ஆஸ்பிரினை விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரியாமல் அதைப் போடக் கூடாது.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். முகத்துக்கு ஒரு நியூரான் என்பது தப்பு. குரங்கின் பொட்டு மடலில் முகங்களைப் பார்த்தால் தூண்டப்படும் செல்கள் இருப்பதை முதலில் காட்டியவர் சார்ல்ஸ் கிராஸ். பிறகு டோரிஸ் சாவ், வின்ரிச் ஃப்ரைவால்ட் குழு 2006இல் மெக்காக் குரங்குகளின் மூளையில் ஒரு சிறு திட்டைச் சோதித்தபோது, அங்கே இருந்த செல்களில் கிட்டத்தட்ட எல்லாமே முகத்துக்கென்று வேலை செய்பவை. ஆனால் அவற்றில் எதுவும் இன்னாருடைய முகம் என்று ஒன்றைப் பிடித்து வைத்திருக்கவில்லை. 2017இல் சாவ் தன் சக ஆய்வாளர் ஸ்டீவன் லே சாங்குடன் சேர்ந்து இதைத் தெளிவாக்கினார். ஒவ்வொரு செல்லும் முகத்தின் ஏதோ ஓர் அம்சத்தை அளக்கிறது, அந்த அளவு கூடக்கூட அதிகம் தூண்டப்படுகிறது. சுமார் 200 செல்களின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, குரங்கு பார்த்த முகத்தை அவர்களால் திரும்ப வரைய முடிந்தது. ஒரு செல் போனால் ஓர் அளவில் கொஞ்சம் துல்லியம் குறையும். முகம் போகாது.

இணையத்தில் நீங்கள் படித்தது, மனிதர்களிடம் நடத்தி 2005இல் வெளியான வேறோர் ஆய்வோடு கலந்துவிட்ட கதை என்று நினைக்கிறேன். வலிப்பு நோயாளிகளின் மூளையில் சிகிச்சைக்காக வைத்த மின்முனைகளில், ஒரே பிரபலத்தின் பல படங்களுக்குத் தூண்டப்படும் செல்கள் கிடைத்தன. மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அந்த மின்முனைகள் பதிவு செய்தவை மிகச் சிலவற்றை. அந்தச் சிலவற்றிலேயே அப்படி ஒன்று கிடைத்தது என்றால், அதே வேலையைச் செய்யும் செல்கள் ஏராளமாக இருக்கின்றன என்றுதான் அர்த்தம். ஒரே ஒன்று இருந்தால் அது கையில் கிடைத்தே இருக்காது. இதை அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு மிரட்டலை மட்டும் பரப்புகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

பெயர் நாக்கு நுனியில் நிற்பதும், இடம் மாறிப் பார்த்தால் ஆளைத் தெரியாமல் விழிப்பதும் ஐம்பதுகளில் எல்லோருக்கும் நடப்பது. கவலைப்பட வேண்டிய மறதி வேறு மாதிரி இருக்கும். 1953இல் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் பெருமளவு வெட்டி எடுத்தார்கள். சிறுவயது விஷயங்கள் அவருக்கு நினைவிருந்தன. ஆனால் அவரைப் பல ஆண்டுகள் சோதித்த பிரெண்டா மில்னரை ஒவ்வொரு முறையும் புது ஆளாகவே பார்த்தார். அல்சைமர் நோய் பொதுவாகத் தொடங்குவதும் அந்த வட்டாரத்தில்தான். அதனால் அதில் முதலில் நழுவுவது பழைய பெயர்கள் அல்ல, நேற்று நடந்தவை. காலையில் பேசியதே முழுதாக மறந்துபோகிறதா, கேட்டதையே திரும்பக் கேட்கிறீர்களா, பழகிய வழி குழம்புகிறதா? உங்கள் மனைவியைக் கேளுங்கள். இந்த நோயில் நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். ஆறு மாத மறதியை இவ்வளவு கோர்வையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில் பெரிய பயம் இல்லை. அதே சமயம், தெரிந்த முகங்கள் திடீரென்று ஒரே நாளில் அடையாளம் தெரியாமல் போனால் அதுவும் பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஓட வேண்டியதுதான்.

டோபமைன் தீர்ந்துபோகும் சரக்கு அல்ல. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் பார்த்தது இது: எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நியூரான்கள் படபடவென்று தூண்டப்படும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்குக்குத்தான் தூண்டப்படும், சாறு வரும்போது சும்மா இருக்கும். விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால் வழக்கமான துடிப்பும் சற்று நின்றுவிடும். கிடைத்தது எதிர்பார்த்ததைவிடக் கூடவா குறைவா என்பதைத்தான் அவை சொல்கின்றன. பழகிய விஷயத்துக்கு அவை அமைதியாக இருப்பது அவற்றின் இயல்பு, அது சேதம் இல்லை. இந்த நியூரான்கள் நிஜமாகவே அழிவது பார்க்கின்சன் நோயில். அதில் நடுக்கமும் விறைப்பும் நடையில் மந்தமும் வரும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

ஆனால் எதிலும் ஆர்வமில்லை என்பதை நான் தள்ளிவிட மாட்டேன். தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்விலேயே மறதியும் வரும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த கேப்சூலை இன்றே நிறுத்துங்கள். இந்தப் பெயரில் விற்பவற்றில் பல பூனைக்காலி விதைச் சாறு. அதில் இருப்பது லெவோடோப்பா, பார்க்கின்சன் நோய்க்கு நாங்கள் அளந்து கொடுக்கும் அதே மருந்து. ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். குமட்டல், குழப்பம், இல்லாதது தெரிவதும் உண்டு. (பார்க்கின்சன் நோய்க்காக மருத்துவர் கொடுத்த லெவோடோப்பாவைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம், அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.) அழுத்தம் சரிந்தால் பொதுவாகக் காட்சி முழுவதுமே இருண்டு வரும், உட்கார்ந்திருந்தவருக்குப் பாதி மட்டும் மறைவது கடினம். எனவே போன வாரம் நடந்ததைக் கேப்சூல்மேல் போட்டுவிட்டு ஸ்கேனைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். டப்பாவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், என்ன கலந்திருக்கிறது, எத்தனை நாள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.