கோடையில் எச்சரிக்கை கூடிப்போயிற்றா?

அன்புள்ள ஐயா,
ஏற்காட்டில் நாலு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன். எங்களுக்கு வருமானமே மே மாதம்தான். சனி ஞாயிறு வந்தாலே சேலம் மாவட்டத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு என்று டிவியில் ஓடுகிறது, அறை சொன்னவர்கள் போன் போட்டு வேண்டாம் என்கிறார்கள். அன்றைக்குப் பார்த்தால் வெயில் அடிக்கிறது. கொஞ்சம் யோசித்து விடக்கூடாதா இந்த எச்சரிக்கையை?
– ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நஷ்டம் நிஜமானது. ஆனால் எச்சரிக்கை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன், மாவட்டம் முழுக்க ஒரே நிறமாக வருவதுதான் கோளாறு. மேட்டூரும் ஆத்தூரும் ஏற்காடும் ஒரே மாவட்டம்தானே. கோடை இடிமழை மதியத்துக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் திரண்டு, வாழப்பாடியில் கொட்டிவிட்டு அயோத்தியாப்பட்டணத்தில் தூறல்கூடப் போடாமல் போய்விடும், இன்ன ஊர் என்று காலையிலேயே சொல்ல யாராலும் முடியாது. அதற்குத்தான் அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பு என்று வானிலை மையம் தனியாக வெளியிடுகிறது, பார்க்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம், மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள் என்று மட்டும்தான் அர்த்தம். ஆரஞ்சுக்குத் தயாராக வேண்டும், சிவப்புக்கு உடனே இறங்கி வேலை செய்ய வேண்டும். மூன்றையும் ஒரே பதற்றத்தோடு செய்தியில் வாசிப்பது பெரிய தப்பு, உங்கள் விருந்தாளிகளை விரட்டுவது அதுதான்.

அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்றால் மனசு ஒப்பவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022ல் மட்டும் நாட்டில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் மழைக்கு சில்வர் ஓக் அடியில் ஒதுங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மழை நாலு தூறலோடு நின்றாலும் இடி விழ அது போதும்.

எனக்கு ஆதங்கம் வேறு பக்கம். வெயிலுக்கு இங்கே எச்சரிக்கை போதவில்லை! சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க 40 டிகிரியைத் தொட்டால் மட்டும் போதாது, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் நேராக 45ஐத் தொட வேண்டும். சேலத்துக்குக் கோடையின் இயல்பே 37, 38ஐ ஒட்டித்தான். அதனால் 41 அடித்தாலும் கணக்குப்படி அது வெப்ப அலை இல்லை. சேகோ ஆலைக் களத்தில் மாவு காயப்போடுகிற பெண்களுக்கும், தகரக் கூரைக்குக் கீழே தீ முன்னால் உட்கார்ந்து கொலுசு பற்றவைக்கிறவர்களுக்கும் அந்த 41 என்ன செய்யும் என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

சரி, உங்களுக்கு ஒரு யோசனை. யாராவது போன் போட்டால், மதியத்துக்குள் மலையேறிவிடுங்கள், மழை நேரத்தில் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், வேண்டாம் என்பவர்களில் பாதிப் பேராவது வருவார்கள். ஏற்காட்டுக்குத் தனியாக எச்சரிக்கை கேட்டு ஆட்சியருக்கும் வானிலை மையத்துக்கும் மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதே மனுவில் சேலத்து வெயிலுக்கும் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.