40 நாள் பயணம், 25 நிமிடக் காணொளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீண்ட வெளிநாட்டுப் பயணத்தைக் குடும்பக் காணொளியாகத் தொகுப்பது குறித்துப் பினாங்கு, கெடா, கிள்ளான் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களிலிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். கையில் இருக்கும் கைப்பேசியே பெரும்பாலோருக்குப் போதும்.

பணி ஓய்வுக்குப் பின் நானும் கணவரும், நாத்தனார் குடும்பத்துடன் தமிழ்நாட்டையும் காசியையும் 40 நாள் சுற்றிவந்தோம். நான்கு கைப்பேசிகளிலும் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவிலுமாக 11 மணி நேரப் பதிவு இருக்கிறது. கணினியில் ஏற்றியதும் எல்லாம் முன்பின்னாகக் கலந்துவிட்டன. எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, பட்டர்வொர்த்)

கலந்துபோனதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பழைய கேமராதான். இந்தியாவில் இறங்கியதும் கைப்பேசிகள் தாமாகவே அந்நாட்டு நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கேமராவின் கடிகாரமோ நாம் மாற்றும்வரை மலேசிய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டரை மணி நேரம் என்பதால், தசாசுவமேத படித்துறையில் மாலை 7 மணிக்கு நீங்கள் கைப்பேசியில் பதிந்த கங்கை ஆரத்தி ஓரிடத்திலும், அதே ஆரத்தியைக் கணவர் கேமராவில் பதிந்தது இரவு 9.30 மணிக்குரிய இடத்திலும் போய் நிற்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கேமராக் கோப்புகள் அனைத்தின் நேரத்தையும் ஒரே கட்டளையில் பின்னுக்குத் தள்ளிவிடலாம். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை நகல் எடுத்துவிடுங்கள். நேரத்தை மாற்றிய பின், இரு கருவிகளிலும் பதிவான ஒரே காட்சியைத் தேடிப்பிடித்து, அவை அடுத்தடுத்து நிற்கின்றனவா என்று சரிபாருங்கள்.

நாத்தனார் வீட்டார் தங்கள் பதிவுகளைப் புலனத்தின் (வாட்ஸ்அப்) வழி அனுப்பியிருந்தால் அவற்றைத் தொகுப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வாறு வரும் காணொளிகளின் தரம் சுருக்கப்பட்டிருக்கும். பதிவான நேரமும் கோப்பில் இராது. மூலக் கோப்புகளைக் கம்பி வழியாகவோ கூகள் டிரைவ் வழியாகவோ கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தேர்வு. 11 மணி நேரத்தையும் ஒருமுறை முழுவதுமாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. பார்க்கும்போது எதையும் வெட்டாமல், வேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டே போங்கள். நான் முதலில் குறிப்பது மனிதர்கள் பேசும் இடங்களை. மீனாட்சி அம்மன் கோவில் கோபுரத்தை உங்களைவிட நன்றாகப் படமெடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கோபுரத்துக்குக் கீழே பூக்காரம்மாவிடம் உங்கள் நாத்தனார் பேரம் பேசிய குரல் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. கட்டடம், ஆறு, சாலை போன்ற காட்சிகளுக்கு ஐந்து விநாடி தாராளம். பேச்சைப் பாதியில் வெட்டாதீர்கள்.

நாளுக்கு இவ்வளவு நிமிடம் என்று சமமாகப் பங்கிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது; 40 நாள் காணொளிகள் சலிப்பூட்டுவதற்கு அதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. ஒரே நாளில் நான்கு கோவில்களைப் பார்த்திருந்தால் அந்த நாளுக்கு அரை நிமிடம் போதும். பூர்வீக ஊரின் திண்ணையில் உட்கார்ந்து பழைய உறவுமுறைகளைக் கேட்டறிந்த ஒரு பிற்பகலுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கலாம். மொத்தம் 25 நிமிடத்துக்குள் நின்றால் பேரப்பிள்ளைகளும் எழுந்து போகாமல் பார்ப்பார்கள். வெட்டி ஒதுக்கியவற்றை அழித்துவிட வேண்டாம். முழுப் பதிவையும் இரண்டு வட்டகங்களில் (ஹார்ட் டிஸ்க்) ஏற்றி, ஒன்றை உங்களிடமும் மற்றொன்றைப் பிள்ளைகளில் ஒருவர் வீட்டிலும் வைத்துவிடுங்கள்.

கைப்பேசியில் பார்க்கும்போது சரியாக இருக்கும் காணொளி, கணினியில் தொகுக்கும்போது பத்து நிமிடம் கழித்து வாயசைவும் குரலும் விலகிப்போகின்றன. (வாசகர், கிள்ளான்)

கைப்பேசிகள் ஒளியின் அளவுக்கும் செயலியின் சுமைக்கும் ஏற்ப ஒரு விநாடிக்கான படங்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பதிகின்றன; 30 என்று குறிப்பிட்டிருந்தாலும் ஓரிடத்தில் 29, மற்றோரிடத்தில் 30 என்று அது மாறிக்கொண்டே இருக்கும். தொகுப்பு மென்பொருள் அதை நிலையான எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதால் குரல் சிறிது சிறிதாக விலகுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், காணொளிக்குரிய பகுதியில் நிலையான பட வேகத்தைத் தேர்ந்து 30 என்று கொடுத்துக் கோப்புகளை மாற்றிக்கொண்டு, அவற்றைத் தொகுப்பில் பயன்படுத்துங்கள். நீளமான பதிவுகளுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். பத்து விநாடித் துண்டுகளில் இந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது.

மனைவி எல்லாவற்றையும் நெட்டாகவும் நான் கிடையாகவும் எடுத்திருக்கிறோம். தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

நெட்டுப் பதிவின் இரு பக்கமும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்பும் முறையைப் பலரும் கையாள்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. உங்கள் மனைவியின் பதிவு 4கே தரத்தில் இருந்தால் வேறு நல்ல வழி உண்டு. நெட்டாக எடுத்த 4கே படத்தின் அகலம் 2160 புள்ளிகள். அதிலிருந்து 16:9 விகிதத்தில் ஒரு கிடைப்பட்டையை வெட்டினால் 2160க்கு 1215 புள்ளிகள் கிடைக்கும். முழு எச்டி தரத்துக்கு வேண்டியது 1920க்கு 1080தான். ஆகவே தரம் குறையாமலேயே கிடைப்படமாக மாற்றிவிடலாம். முகம் பட்டையின் மேற்பகுதியில் நிற்கும்படி இடம் பார்த்து வெட்ட வேண்டும். உயரமான கோபுரத்தையோ அருவியையோ எடுத்த படமாக இருந்தால் வெட்டாமல், இரு பக்கமும் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். 1080 தரத்தில் நெட்டாக எடுத்திருந்தால் இந்த வெட்டு சற்று மங்கலாகத் தெரியும். அப்போது அத்தகைய துண்டுகளைக் குறைவாகப் பயன்படுத்துவதே நல்லது.

ஐபோனில் பார்த்தால் நியூசிலாந்து பளிச்சென்று இருக்கிறது; தொகுத்து முடித்ததும் வானம் வெளுத்துப்போகிறது. (வாசகி, செந்தூல்)

ஐபோன் 12 முதல் வந்த மாதிரிகள், நாம் அணைத்து வைக்காவிட்டால், காணொளியை எச்டிஆர் முறையில் (வெளிச்சத்தின் ஏற்ற இறக்கங்களைக் கூடுதலாகப் பிடிக்கும் முறை) பதிகின்றன. சாதாரண முறையில் அமைந்த தொகுப்பில் அதை அப்படியே போட்டால் வெளிச்சமான பகுதிகள் வெளுத்துத் தெரியும். எடுத்து முடித்தவற்றுக்கு, டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளின் நிற மேலாண்மையில் உள்ளீட்டை எச்டிஆர் என்றும் வெளியீட்டைச் சாதாரணத் தொலைக்காட்சிக்குரிய நிறத் தரமான ரெக் 709 என்றும் குறித்தால் வானம் மீண்டுவிடும். அடுத்த பயணத்துக்கு முன், அமைப்புகளில் கேமரா, காணொளிப் பதிவு என்று போய் எச்டிஆரை அணைத்துவிடுங்கள்.

இரண்டு மாதம் இங்கிலாந்திலும் கனடாவிலும் பிள்ளைகளுடன் தங்கப்போகிறோம். எவ்வளவு சேமிப்பிடம் வேண்டும்? வேறு எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

விநாடிக்கு 30 படம் என்ற வேகத்தில், ஐபோனின் சிக்கன முறைப் (High Efficiency) பதிவுக்கு 4கே தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பியும், 1080 தரத்தில் ஏறத்தாழ 60 எம்பியும் ஆகும். நாளொன்றுக்கு 15 நிமிடம் பதிந்தால் 60 நாளில் 900 நிமிடம்; 4கே என்றால் 153 ஜிபி, 1080 என்றால் 54 ஜிபி. வாரம் ஒருமுறை பிள்ளைகளின் கணினியில் நகலெடுத்துக்கொண்டே வந்தால், கோலாலம்பூரின் லோ யாட் கடைவளாகத்துக்குப் போய்ப் புதிய கைப்பேசி பார்க்க வேண்டிய அவசியம் இராது.

இங்கிலாந்தின் மின்சாரமும் நம்முடையதைப்போல 50 ஹெர்ட்ஸ்தான், செருகியும் அதேதான். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தட்டைக் கால் செருகி வேண்டும். வீட்டுக்குள்ளும் கடைகளிலும் எடுக்கும் படங்களில் விளக்குகள் துடிப்பதுபோல் தெரிந்தால், திரை மூடும் வேகத்தை (ஷட்டர் ஸ்பீட்) இங்கிலாந்தில் 1/50 விநாடிக்கும் கனடாவில் 1/60 விநாடிக்கும் மாற்றிப்பாருங்கள். பெரும்பாலும் துடிப்பு நின்றுவிடும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவாக 100 வாட்மணி வரையிலானவற்றுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை; 20,000 எம்ஏஎச் கொண்டது 74 வாட்மணிதான்.

தமிழ்நாட்டுக் கோவில்களை மேலிருந்து எடுக்க டிரோன் கொண்டுபோகலாமா? (வாசகர், ரவாங்)

வேண்டாம். வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடைசெய்துவிட்டது. பயணப் பையில் கொண்டுபோனாலும் சுங்கத்தில் சிக்கல் வரும். கோவிலுக்குள் கைப்பேசியையும் நம்பிப் போகாதீர்கள். தமிழ்நாட்டுக் கோவில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், உள்ளே கண்டதை அம்மாவோ தாத்தாவோ தேர்முட்டியில் நின்றபடி சொல்வதைப் பதிந்துகொள்ளுங்கள். உள்ளே எடுக்க முடியாத படத்தின் குறை அதில் பாதி தீரும்.

எங்கள் அத்தா எடுத்த 8 மில்லிமீட்டர் படச்சுருள்கள் ஆறு கிடைத்திருக்கின்றன. பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய், நாகூரில் தங்கிவந்த பயணம் என்று அம்மா சொல்கிறார். எந்த ஆண்டென்று அவருக்கு நினைவில்லை. இதை எப்படிக் காப்பாற்றுவது? (வாசகி, ஜார்ஜ்டவுன்)

இம்முறை வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில், பழைய புரொஜெக்டர் எங்காவது கிடைத்தாலும் அதில் ஓட்டிப்பார்க்காதீர்கள். வயதான படச்சுருள் சுருங்கி, முறியும் தன்மையடைந்திருக்கும். பல்சக்கரம் அதன் துளைகளைக் கிழித்துவிடும். பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அது விரைவாகும். அத்தகைய சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அதையே முதலில் படிமமாக்க (டிஜிட்டல் கோப்பாக மாற்ற) கொடுங்கள். பூஞ்சை படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.

ஆண்டை ஓரளவு கணிக்கலாம். படச்சுருளின் ஓரத் துளைகளைப் பாருங்கள். துளை சிறியதாக, ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால் அது சூப்பர் 8. பெரியதாக, இரண்டு படங்களுக்கு இடையிலான கோட்டருகே இருந்தால் அது பழைய 8. சூப்பர் 8 சந்தைக்கு வந்தது 1965இல். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா இந்த வழியில் ஓடியது 1973 வரை. ஆகவே சூப்பர் 8 என்றால் பயணம் அந்த எட்டு ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டும். சுருள் பெட்டியில் அஞ்சல் முத்திரையோ கழுவிய மாதமோ இருந்தால் இன்னும் நெருங்கிவிடலாம்.

படிமமாக்கும் கடையில் கேட்க வேண்டியவை இரண்டு. சுவரில் ஒளியாகப் பாய்ச்சி அதைக் கேமராவால் பிடிக்கிறார்களா, ஒவ்வொரு படமாக வருடி எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது முறைதான் வேண்டும். அடுத்தது, எந்த வேகத்தில் தருவார்கள் என்பது. சூப்பர் 8 படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 18 என்ற வேகத்தில் எடுக்கப்பட்டவை. 25 வேகத்தில் ஓட்டினால் அத்தா கப்பல் தளத்தில் நடப்பது ஓடுவதுபோலத் தெரியும். சரியான வேகத்தில் 50 அடிச் சுருள் ஒன்று 3 நிமிடம் 20 விநாடி ஓடும். ஆறு சுருளும் அதே நீளமானால் உங்களிடம் இருப்பது 20 நிமிடம்.

அந்த 20 நிமிடத்திலும் பெரும்பாலும் ஒலி இராது. பழைய பாட்டுகளைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள். படிமம் வந்ததும் அம்மாவைத் தொலைக்காட்சிக்கு முன் உட்காரவைத்து, சட்டைக் காலரில் ஒரு சிறிய ஒலிவாங்கியைக் குத்தி, இடையிடையே நிறுத்தி யார் இது, எந்த இடம் என்று கேட்டுக்கொண்டே பதியுங்கள். அவர் பேசும் ஒலியைப் படத்தின் கீழ் வைத்துவிட்டால், வேறெந்தத் தொகுப்பும் தேவைப்படாது. தாமதிக்காமல் செய்யுங்கள்.

இளையராஜா பாட்டுகளைப் பின்னணியில் சேர்த்து யூடியூபில் ஏற்றலாமா? உறவினர்களுக்கு மட்டும்தான் சுட்டி கொடுப்பேன். (வாசகர், சுங்கை பட்டாணி)

சுட்டி உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைத்தாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுகொள்ளும். பெரும்பாலும் விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகும். சில வேளைகளில் ஒலி அடக்கப்படும், அல்லது சில நாடுகளில் காணொளியே தெரியாது. யூடியூபின் சொந்த ஒலி நூலகத்தில் இலவச இசை இருக்கிறது. அதைவிட, பேருந்தில் நடத்துநர் ஊர்ப் பெயர் சொல்லும் குரலையும் தேநீர்க்கடை வானொலியில் பாதி கேட்ட செய்தியையும் அப்படியே விடலாமே.

முடித்த காணொளியை ஈப்போவில் உள்ள அக்காவுக்கும் கோயம்புத்தூர் உறவினர்களுக்கும் கொடுக்க வேண்டும். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் அக்காவின் தொலைக்காட்சியில் படம் வரவில்லை. (வாசகி, பட்டர்வொர்த்)

பழைய தொலைக்காட்சிகள் பல, காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் புதிய முறையான எச்.265 வகையைப் படிக்காது. எச்.264 வகையில், எம்பி4 கோப்பாக, 1080 தரத்தில் வெளியிடுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் அமைந்திருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது; எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் இந்தத் தடை நீங்கும், ஆனால் மிகப் பழைய தொலைக்காட்சி அதையும் படிக்காமல் போகலாம். விநாடிக்கு 8 மெகாபிட் என்று வெளியிட்டால் 25 நிமிடக் காணொளி ஏறத்தாழ 1.5 ஜிபிதான் வரும் என்பதால், எதற்கும் அந்த அளவிலேயே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூருக்கு அதே கோப்பைப் புலனத்தில் காணொளியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை தரம் குறையாமல் போய்ச் சேரும்.