லினக்ஸ் கெர்னல் காட்டும் பக்கக் கணக்கும் ஸ்வாப் கணக்கும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு புராசஸின் (இயங்கும் நிரலின்) எந்தப் பக்கம் (நினைவகத் துண்டு) ராமில் இருக்கிறது, எது ஸ்வாப்புக்கு (ராமில் இடம் தேவைப்படும்போது பக்கங்களை எழுதிவைக்கும் வட்டுப் பகுதிக்கு) போய்விட்டது என்று பக்கவாரியாகப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. 2008இல் வந்த 2.6.25 கெர்னல் (இயக்குதளத்தின் மையப் பகுதி) முதல், கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் புராக் கோப்பமைப்பில் ஒவ்வொரு புராசஸுக்கும் பேஜ்மேப் என்ற கோப்பு இருக்கிறது. மெய்நிகர் முகவரிப் பரப்பின் (புராசஸ் காணும் முகவரிகளின்) பக்கம் ஒவ்வொன்றுக்கும் அதில் 64 பிட் பதிவு ஒன்று உண்டு. பக்க அளவு 4096 பைட் எனில், 40,96,000 என்னும் முகவரி 1000ஆம் பக்கம். பதிவுக்கு 8 பைட் வீதம், கோப்பில் 8000 பைட் தள்ளிப் படிக்க வேண்டும். அங்கே 63ஆம் பிட் 1 என்றால் பக்கம் ராமில் உள்ளது. 62ஆம் பிட் 1 என்றால் ஸ்வாப்பில் உள்ளது. இரண்டும் 0 என்றால் அந்த இடம் வெற்றிடம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கோப்பிலிருந்து ஏற்றி, மாற்றாமல் வைத்திருக்கும் பக்கத்தைக் கெர்னல் ஸ்வாப்பில் எழுதுவதில்லை. இடம் தேவைப்படும்போது கைவிட்டு, பிறகு கோப்பிலிருந்தே மீண்டும் படித்துக்கொள்ளும்.

கேள்வி: ராமில் இருக்கும் பக்கத்துக்கும் பேஜ்மேப்பில் சட்டக எண் (ராமில் அதன் இடத்தைக் குறிக்கும் எண்) 0 என்றே வருகிறது. என் நிரலில் பிழையா?

பதில்: பிழை இல்லை, உங்களுக்கு உரிமை இல்லை. 2015இல் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, ராமின் ஒரே வரிசையை ஓயாமல் அணுகி அண்டை வரிசையின் பிட்களைப் புரட்டும் ரோஹேமர் தாக்குதலை விளக்கிக் காட்டியது. சட்டக எண் வழியாகப் பௌதிக முகவரி (ராமில் உள்ள உண்மையான இடம்) தெரிந்தால் அந்த வேலை எளிதாகிவிடும் என்பதால், 4.0 கெர்னலில் சாதாரணப் பயனர் இக்கோப்பைத் திறப்பதே தடுக்கப்பட்டது. 4.2 முதல் திறக்கலாம். ஆனால் கேப்_சிஸ்_அட்மின் என்ற நிர்வாகி உரிமை இல்லாதவருக்குச் சட்டக எண்ணின் இடத்தில் 0 வரும். இதுவே சரியான தீர்வு என்பேன். பெரும்பாலான கருவிகளுக்கு 63, 62 போன்ற மேல் பிட்கள் போதும்.

கேள்வி: எல்லாப் புராசஸ்களின் ஸ்டேட்டஸ் கோப்பிலும் உள்ள விஎம்ஸ்வாப் வரியை (அந்தப் புராசஸின் ஸ்வாப் அளவை) கூட்டினேன். ஃப்ரீ கட்டளை காட்டும் ஸ்வாப் அளவோடு ஒத்துப்போகவில்லையே?

பதில்: ஒத்துப்போகாது. ஃபோர்க் செய்த பின் (ஒரு புராசஸ் தன் நகலாக இன்னொன்றை உருவாக்கிய பின்) தாயும் சேயும் பகிரும் ஸ்வாப் பக்கம் இரு கணக்கிலும் ஏறுவதால் கூட்டுத்தொகை கூடும். மாறாக, டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்தில் இயங்கும் கோப்பமைப்பு) கோப்புகளும் பகிர்வு நினைவகமும் ஸ்வாப்புக்குப் போனால் விஎம்ஸ்வாப்பில் அவை சேரா, அதனால் குறையும். முதல் சிக்கலுக்கு புராசஸின் நினைவகப் பகுதிகளைத் தனித்தனியே காட்டும் எஸ்மேப்ஸ் கோப்பின் ஸ்வாப்பிஎஸ்எஸ் வரியைப் பாருங்கள்; பகிர்வோரின் எண்ணிக்கையால் வகுத்த பங்கை அது தரும். பகிர்வு நினைவகம் அதிலும் சேராது.

கேள்வி: பெரிய தரவுத்தளப் புராசஸில் எஸ்மேப்ஸ் படிக்க நெடுநேரம் ஆகிறது.

பதில்: 4.14 முதல் உள்ள எஸ்மேப்ஸ்_ரோலப் கோப்பைப் படியுங்கள். கூட்டுத்தொகை மட்டும் கிடைக்கும். பக்க அட்டவணையை (எந்தப் பக்கம் எங்கே என்ற பட்டியலை) கெர்னல் அப்போதும் வரிசையாகப் பார்த்தே தீர வேண்டும் என்பதால், நொடிக்கொரு முறை கேட்காதீர்கள்.