‘ஏ வகை’ ஆளுமை இதயத்தைக் கெடுக்குமா?

இணையத்தில் ஒரு வினாத்தாளை நிரப்பினீர்கள், ‘ஏ வகை’ ஆளுமை என்று வந்தது. பெண் வேறு, ஆசிரியை வேறு, ஆகவே மாரடைப்பு வந்தே தீரும் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை அம்மா. அவசரமும் போட்டி மனமும் உள்ள குணத்துக்கு 1950களில் அந்தப் பெயரை வைத்தவர்கள் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற அமெரிக்க இதய மருத்துவர்கள். இதய நோயோடு அவர்கள் சொன்ன தொடர்பு பிந்தைய ஆய்வுகளில் வலுவாக நிற்கவில்லை. தீராத கோபமும் பகையுணர்வும்தான் ஓரளவு தேறின. நோட்டுகளைத் திருத்தி முடிக்காமல் படுக்கப் போகாத குணம் நோயே அல்ல.

பெண் என்பதும் அப்படித்தான். ஆசிரியர்களில் பெண்கள் ‘சோர்ந்துவிட்டேன்’ என்று சற்று அதிகம் சொல்கிறார்கள். ஆண்களோ மாணவர்களிடமிருந்து மனத்தால் விலகிப்போகிறார்கள். இது சராசரிக் கணக்கு, உங்கள் ஜாதகம் அல்ல. பள்ளி முடிந்து வீட்டில் தொடங்கும் இரண்டாவது வேலைக்கும் இதில் பங்கு உண்டு.

நீங்கள் எழுதியிருக்கும் முடி உதிர்வு, படபடப்பு இரண்டுக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள், ஒரு ஈசிஜியும் எடுங்கள். போதும்.

என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி: ‘பிள்ளைகள் என்ன செய்தாலும் மனதில் ஒன்றும் தோன்றுவதில்லை, காலையில் எழாமலே போனாலும் நல்லதுதான்.’ இரண்டு மாதமாக விடியற்காலையில் விழிப்பு வேறு. வேலைக் களைப்பு என்றால் விடுமுறையில் கொஞ்சமாவது இறங்கும். உங்களுக்கு இறங்கவில்லை. எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் தாண்டினாலே டிப்ரெஷனா, அதாவது மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். டிப்ரெஷன் எந்தக் குணத்தினருக்கும் வரும், சிகிச்சையில் குணமாகும்.

சக ஆசிரியை கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைத் தினமும் போடுகிறீர்களே, அது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. அந்த மாத்திரை பழக்கமாகிவிடும், டிப்ரெஷனையும் குணப்படுத்தாது. அதற்காக இன்றே திடீரென நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை மாத்திரை அட்டை வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

அந்தக் கடைசி வரியை இன்றைக்கே கணவரிடமோ நெருங்கிய தோழியிடமோ சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘எழாமல் போனால்’ என்பது ‘எப்படி’ என்று யோசிக்கும் அளவுக்குப் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அப்புறம், மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முடி உதிர்வில் தொடங்காதீர்கள். அந்த வரியை முதலில் சொல்லுங்கள்.