காலம் கடந்து வரும் தகவல்: வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களுள் பல, அரசு தன் கையிலுள்ள தகவலை மக்களுக்கு எப்படித் தருகிறது, எப்படி நிறுத்தி வைக்கிறது என்பதையே பேசுகின்றன. அவற்றுள் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கரையை ஒட்டி வரவிருக்கும் ஒரு திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்து மூன்று நாள் கழித்துத்தான், அப்படியொரு கூட்டம் நடந்ததே எங்களுக்குத் தெரிய வந்தது. போய்க் கேட்டால், நாளிதழில் விளம்பரம் கொடுத்தோம், அறிக்கையை அலுவலகத்தில் வைத்திருந்தோம் என்கிறார்கள். அறிக்கை முழுவதும் ஆங்கிலம். எதையும் மறைக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நாங்கள் என்ன சொல்லிக் கேட்பது ஐயா?
*– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்*

பதில்: உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துப் பாருங்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். எழுத்தறியாத முதியவரும் கரையில் நின்றபடியே அதைப் பார்த்து, படகை இறக்குவதா, மேலே இழுத்துக் கட்டுவதா என்று முடிவு செய்துவிடுகிறார். அரசு தரும் தகவலுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. காற்று வருமுன் வருகிறது. பார்ப்பவருக்குப் புரிகிற வடிவில் வருகிறது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் தகவல் தந்ததாகச் சொல்ல முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். நாளிதழ் எட்டாத இடங்களில் தண்டோரா போட்டும் வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் அறிவிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருந்தாக வேண்டும். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். ஆனால் அதே அறிவிக்கையில், கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற வரம்பு எதுவும் தேவையில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. உங்கள் ஊரார் ஒருவர்கூட வராத கூட்டமும் சட்டப்படி கூட்டமாகிவிடும் என்பதால், அறிவிப்பு உங்களை எட்டியதா என்ற கேள்விக்கு இங்கே மற்ற இடங்களைவிடப் பலமடங்கு எடை உண்டு.

மொழியின் பெயரால் நடப்பதும் சிறிய காரியமன்று. 2020ஆம் ஆண்டில் இதே அறிவிக்கையை மாற்றி எழுதும் வரைவை மத்திய அரசு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டபோது, அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட, மத்திய அரசோ அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. கடலோரத்தில் வாழ்பவரைத் தொடும் ஒரு சட்டத்தைத் தமிழில் படிக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்பதை நான் இன்றும் மனவருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் கடலோர வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். இரும்பு அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தார்கள். கீழ்ப்பாதி நாற்காலிகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. வலை உலர்த்தும் மணல்வெளியும், கடல்பாசி எடுக்கும் பெண்கள் மூட்டைகளை இறக்கும் இடமும் அதில் ஒரே நிறத்தில் காலி நிலமாகக் காட்டப்பட்டிருந்தன. விளக்கக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில். என்னோடு வந்திருந்த பாசி எடுக்கும் அம்மா ஒருவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "இதுல நாங்க எங்க தம்பி இருக்கோம்?" என்று கேட்டார். வரைபடம் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது உண்மைதான்.

ஆகவே, மறைத்தீர்களா என்று கேட்காதீர்கள். எந்தெந்த நாளிதழில், எந்தத் தேதியில் அறிவிப்பு வந்தது, தமிழ்ச் சுருக்கம் எந்த ஊராட்சி அலுவலகத்தில் எந்த நாளிலிருந்து வைக்கப்பட்டது, நடவடிக்கைக் குறிப்பில் யார் யார் பேசியதாகப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, அந்த ஆவணங்களின் சான்றொப்பமிட்ட நகல்களைப் பெறுங்கள். தேதிகளில் ஓட்டை இருந்தால் அதை வைத்தே மாவட்ட ஆட்சியரிடமும், தேவைப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயத்திலும் முறையிடலாம்.

கேள்வி: 2018இல் தூத்துக்குடியில் இணையத்தை நிறுத்தியபோது அங்கிருந்த எங்கள் அத்தை வீட்டாரோடு வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ள முடியாமல் தவித்தோம். வதந்தியைத் தடுக்கத்தான் நிறுத்துகிறோம் என்று அரசு சொல்வது சரிதானா?
*– கல்லூரி மாணவி, தொண்டி*

பதில்: வதந்தி உயிரைப் பறிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது சொன்னதும் இதே காரணம்தான். அன்றைய நிலையில் அந்த அச்சம் வெறும் சாக்கு அல்ல. ஆனால் தூத்துக்குடியில் மே 22, 23 ஆகிய நாள்களில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். 23ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. என்ன நடந்தது என்று மக்கள் ஒருவரையொருவர் கேட்டறிய வேண்டிய நாள்கள் அவை. அப்போது வாயடைத்துவிட்டால் வதந்தி ஓய்வதில்லை. அதை மறுக்கக்கூடியவர் குரல்தான் ஓய்கிறது.

எகிப்தில் 2011 ஜனவரி இறுதியில் ஏறக்குறைய நாடு முழுவதும் சில நாள் இணையம் அறுக்கப்பட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட அதிவேக இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. காஷ்மீரில் இணையத்தை நிறுத்தியதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று அளித்த தீர்ப்பை உங்களைப் போன்ற மாணவர்கள் படிக்க வேண்டும். இணையத்தைக் காலவரையின்றி நிறுத்த முடியாது, நிறுத்தும் ஆணையை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆணை வெளியானால்தான் அதை எதிர்த்து வழக்காட முடியும். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் முதலில் அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள்.

கேள்வி: நெருக்கடி நிலைக் காலத்தில் பத்திரிகைகளுக்கு வந்த தணிக்கையைக் கண்ணால் பார்த்தவன் நான். அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் வேறுபாடு உண்டா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், கீழக்கரை*

பதில்: 1975 ஜூன் 25 நள்ளிரவில் தில்லியின் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டதையும், பின்னர் சில ஏடுகள் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெற்றிடமே வாசகருக்கு ஒரு செய்தியாக இருந்தது. இன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் ஓர் இணையப் பக்கம் முடக்கப்படும்போது, அந்தக் கோரிக்கையையும் நடவடிக்கையையும் 2009ஆம் ஆண்டு விதிகள் இரகசியமாக வைத்திருக்கச் சொல்கின்றன. எது நீக்கப்பட்டது என்பதே தெரியாதபோது வெற்றிடமும் கண்ணில் படுவதில்லை. இந்த மாற்றமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

தாமதத்தின் விலையைப் பற்றியும் ஒரு சொல். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபில் அணு உலை வெடித்தது. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் காலணியில் கதிரியக்கம் தென்பட்டு, அந்நாட்டார் கேள்வி எழுப்பிய பிறகு, 28ஆம் தேதி மாலையில்தான் சோவியத் அரசு சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. மே 1 அன்று கீவ் நகரில் குழந்தைகளோடு ஊர்வலம் நடந்தது. தகவல் வந்தது, ஆனால் குழந்தையை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய நாள்கள் போய்விட்டன. 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தபோதும் பஞ்சச் சட்டத் தொகுப்பின்படி பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் நிவாரணம் கடமையாகியிருக்கும்.

கேள்வி: என் தம்பி கடலுக்குப் போன விசைப்படகு எல்லை தாண்டியதாக இலங்கையில் பிடிபட்டது. எந்தச் சிறையில் இருக்கிறான், உடல்நிலை எப்படி என்று கேட்டால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ஒரு மாதம் ஆகுமாமே?
*– வாசகி, தங்கச்சிமடம்*

பதில்: சகோதரி, உங்களுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2005ஆம் ஆண்டின் சட்டம் பொதுவாக 30 நாள் தந்தாலும், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. காவலில் இருப்பவரின் நிலை இதில் அடங்கும் என்று வாதிட உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. இலங்கையிலும் 2016ஆம் ஆண்டிலிருந்து தகவல் உரிமைச் சட்டம் உண்டு. ஆனால் அந்நாட்டுக் குடிமக்கள்தான் அதன்கீழ் கேட்க முடியும். எனவே இங்கே மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனுவும், மாநில மீன்வளத் துறைக்கு ஒரு மனுவும் தனித்தனியாக அனுப்புங்கள். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

மனுவின் தலைப்பிலேயே "உயிரும் சுதந்திரமும் தொடர்பானது, 48 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும்" என்று தமிழில் எழுதுங்கள். தம்பியின் பெயர், படகின் பதிவு எண், கடலுக்குப் போன நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தூதரகம் அவரைச் சந்தித்த நாள், அடைக்கப்பட்டுள்ள இடம், மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். நேரில் கொடுப்பதானால் ஒப்புகைச் சீட்டில் தேதியோடு மணியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் அந்த மணியிலிருந்துதான் கணக்கு.